முலைப்பாலும் வன்னித் தாயரும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னி வரலாற்றை எழுதப் புகுந்தோர் அடங்காப்பற்று வன்னிமைகளின் ஆட்சியையும், 1803ஆம் ஆண்டிற் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதையும், குளக்கட்டுகளும் துருசுகளும் அழிந்தும் திருத்தப்பட்டும் வந்த கதையையும் விரிவாக எழுதியுள்ளனர். அம்முயற்சிகள் போற்றற்குரியன. ஆயின், அக்குளங்களின் கீழ் வாழ்ந்த பெண்ணொருத்தி தன் தலைப்பிள்ளைக்கு எவ்வாறு பாலூட்டினாள், ஊட்டும்போது நோவெடுத்தால் யாரிடம் முறையிட்டாள் என்னும் வினா நம் வரலாற்றாசிரியர்களின் கவனத்தை ஈர்த்ததாகத் தெரியவில்லை. அரசுகள் எழுந்தமைக்கும் வீழ்ந்தமைக்கும் சான்று தேடும் நாம், ஊர்கள் அழியாது நிலைத்தமைக்குக் காரணமான இச்செயலுக்குச் சான்று தேடாமை வியப்பிற்குரியதே.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில், என் தங்கையின் வீட்டில் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம், மறுநாளே வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அங்கு பிள்ளையை மார்பில் வைக்கச் சொன்னவர் பலர். வைத்துக் காட்டியவர் எவருமிலர். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மார்பு கல்லெனக் கனத்தது. பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுத்தது. நான்காம் நாட் காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை அழும் ஒலி கேட்டாலே தங்கை தோள்களை ஒடுக்கிக்கொள்வாள். பற்களைக் கடித்துக்கொண்டு ஊட்டுவாள். அவளுடைய மாமியார் நல்லவர். ஆயினும், 'பால் காணாது போலக் கிடக்கு, பிள்ளை பசியிலை கத்துது' என்ற அவர் சொல் தங்கைக்குக் காம்பு வெடிப்பினும் மிக்க நோவைத் தந்தது. ஐந்தாம் நாள் மாலை சூப்பிப்போத்தலும் பால்மாவும் வாங்கிவர ஆள் புறப்பட்டாயிற்று.

அவ்வேளையிற் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரார் மிட்வைப் என வழங்கும் மருத்துவமாது, வழமையான வீட்டுத் தரிசிப்புக்காக வந்து சேர்ந்தார். அவர் மருந்தெதுவும் கொடுத்தாரல்லர். தங்கையைச் சுவரோடு சாய்ந்து நிமிர்ந்திருக்கச் செய்தார். முகத்தை மட்டும் திருப்பியபடி மல்லாந்து கிடந்த பிள்ளையை முழுவதுமாகத் திருப்பி, அதன் வயிறு தாயின் வயிற்றோடு படுமாறு வைத்தார். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுசெல்லாது பிள்ளையை மார்பிடம் கொண்டுவரச் சொன்னார். பிள்ளை கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, திறந்தவுடன் காம்பு மாத்திரமன்றி அதனைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும், சிறப்பாகக் கீழ்ப்பகுதி, வாயினுள் அடங்குமாறு அணைத்துவிட்டார். முதலிற் சற்று நொந்தது. பின்னர் நோவு தணிந்தது. பிள்ளை விழுங்கும் ஒலி அறையிற் கேட்டது. இத்தனைக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்குமா என்பது ஐயமே. பால் முன்னரே இருந்தது. இல்லாதிருந்தது வைக்கும் முறை ஒன்றே.

இம்முறை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் புதிதாகக் கண்டுபிடித்ததா? பண்டைத் தாயர் அறிந்திருந்ததா? அறிந்திருந்தனராயின் அவ்வறிவு எங்குச் சென்றது? இவ்வினாக்களுக்கு விடை காணும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

தமிழிலக்கியத்தில் முலைப்பால் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுட் பெரும்பாலானவை தாய்மையின் மேன்மையைக் கூறுவன. நோவையும் இயலாமையையும் கூறுவன மிகச் சில. புறநானூற்றின் 164ஆம் பாட்டு அச்சிலவற்றுள் ஒன்று. காட்டில் மறைந்து வாழ்ந்த குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், தம் வீட்டு வறுமைக்குச் சான்றாகக் காட்டுவது அடுப்பையும் மனைவியின் மார்பையுமே. வற்றிய மார்பைச் சுவைக்குந்தோறும் குழந்தை அழுகின்றது. தாய் அதன் முகத்தை நோக்கிக் கண்ணீர் நிறைகின்றாள். கணவன் அவள் முகத்தை நோக்குகின்றான். உணவின்மை தாயின் மார்பையும் தாக்கும் என்பதைப் புலவர் நேரிற் கண்டு கூறுகின்றார். இதனோடு ஒளவையாரின் 295ஆம் பாட்டை இணைத்து நோக்கல் வேண்டும். போரில் விழுந்த மகனைக் கண்ட முதுதாயின் வாடிய மார்பிற் பால் ஊறிற்று என்பது அப்பாட்டின் செய்தி. இதனை வீரத்தாயின் பெருமையாகக் கூறி அமைவது நம் வகுப்பறை மரபு. உடலியல் நோக்கிற் பார்ப்பின், பால் சுரந்து வெளிப்படுதல் தாயின் உள்ளத்தோடு தொடர்புடையது என்னும் உண்மை அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். பாலை உண்டாக்கும் புரோலாக்டின், பாலை வெளிப்படுத்தும் ஒக்சிற்றோசின் என இரு சுரப்புநீர்கள் இன்று பேசப்படுகின்றன. பின்னது குழந்தையின் குரல் கேட்ட மாத்திரத்திலும் சுரக்கும். அச்சமும் நோவும் மிகுந்தவிடத்துத் தடைப்படும். என் தங்கை தோளை ஒடுக்கிக்கொண்ட கணத்தில் அவள் மார்பும் தன்னை மூடிக்கொண்டது என்பதில் மிகை இல்லை.

ஐவகைத் தாயரைக் கூறும் நிகண்டு மரபில் ஊட்டுந்தாய் வேறு, முலைத்தாய் வேறு, கைத்தாய் வேறு, பாராட்டுந்தாய் வேறு, செவிலித்தாய் வேறு. இது செல்வர் மனைக்குரிய ஏற்பாடு எனலாம். ஆயினும் ஒரு குழந்தையை வளர்த்தல் ஒருத்தியால் மட்டும் இயலும் செயலன்று என்ற எண்ணம் அப்பெயர்களிற் பொதிந்துள்ளமை கருதத்தக்கது. ஏழை வீட்டில் அவ்வைவரின் இடத்தையும் தாயும் மாமியும் அக்காளும் மருத்துவிச்சியும் நிரப்பினர்.

மருத்துவ நூல்களை நோக்கினால், சுசுருத சங்கிதை பிறந்த குழவிக்கு முதல் நாட்களிற் தேனும் நெய்யும் கொடுத்து, பின்னரே முலைப்பால் ஊட்டுமாறு விதிக்கின்றது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சீம்பாலைப் பிழிந்து எறியும் வழக்கம் பலவிடங்களில் இருந்தது. பசுவின் கடும்புப்பாலைக் காய்ச்சி உறவினருக்குப் பங்கிட்டு உண்ட அதே வீட்டார், தாயின் கடும்புப்பாலைக் கெட்டபால் எனக் கருதியமை ஒரு முரண்பாடே. அதனால் விளைந்த தீங்கு இருவகைப்படும். நோயெதிர்ப்புச் சத்து மிக்க முதற்பால் பிள்ளைக்குக் கிட்டாமை ஒன்று. மற்றையது அத்துணை வெளிப்படையானதன்று. மார்பு மென்மையாக இருக்கும் முதலிரு நாட்களே பிள்ளை வாயை அகலத் திறந்து பற்றப் பழகும் காலம். அந்நாட்கள் கழிந்தபின், இறுகிக் கனத்த மார்பிற் பழகாத வாயை வைப்பது தாய்க்கும் சேய்க்கும் துன்பமே. எனவே முன்னோர் செய்தனவெல்லாம் நன்றே எனக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது.

இனி, நன்று எனத் தயங்காது கூறத்தக்கனவும் உள. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இந்துக் குடும்பங்கள் பிள்ளைப்பேற்றின்பின் முப்பத்தொரு நாட் துடக்குக் காத்தன. துடக்கு என்னும் கருத்தின் பின்னுள்ள தீட்டுக் கொள்கையை இன்று யாரும் ஆதரியார். ஆயினும், அடுக்களைக்கும் வயலுக்கும் கிணற்றடிக்கும் போகவேண்டாத முப்பத்தொரு நாள் ஓர் உழவர்குடிப் பெண்ணுக்கு வேறெவ்வாறு கிடைத்திருக்கும்? அந்நாட்களில் அவள் பிள்ளையோடு ஒரே பாயிற் கிடந்தாள். அனுபவம் மிக்க பெண்கள் அருகிருந்தனர். சரக்கரைத்த கறியும், உள்ளியும், முருங்கையிலையும், கடலோரத்திலிருந்து வந்த பால்சுறாவும் அவளுக்காகச் சமைக்கப்பட்டன. பால்சுறா உண்மையிற் பாலைப் பெருக்குமா என்பது வேறு வினா. பிறர் சமைத்துத் தந்ததை இருந்து உண்ணுதலே பால் சுரக்கத் துணைசெய்யும் என்பது என் எண்ணம்.

பால்கட்டியவிடத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பிழிந்துவிடுதலும், பிள்ளை இறந்த வீட்டிற் பாலை வற்றச் செய்ய மல்லிகைப்பூவை மார்பிற் கட்டுதலும் தமிழர் வழக்கங்கள். பின்னதை மூடநம்பிக்கை எனத் தள்ளியோர் பலர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதனைப் புரோமோகிரிப்ரின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, மல்லிகை பால் சுரப்பைக் குறைத்ததென 1988ஆம் ஆண்டில் எழுதினர். நம் பாட்டிமாரின் கைப்பழக்கங்களுள் ஆராயத்தக்கன இன்னும் எத்தனையோ!

இத்தகைய அறிவைத் தாங்கியிருந்தோர் மருத்துவிச்சிகள். இவர்களுடைய அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கூறப்படும் பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் நோயின் குணங்களையும் மருந்தின் கூறுகளையும் செய்யுளில் வைத்தன. செய்யுளுக்கு மருந்தின் நிறை வரும். கையின் சாய்வு வராது. பிள்ளையின் பிடரியை எந்த விரலால் தாங்குவது, எந்தக் கணத்தில் அணைப்பது என்பன கண்டும் செய்தும் பழகுவன. கிணற்றிற் துலா மிதிப்பதையோ நாற்று நடுவதையோ எவரேனும் நூல் பார்த்துக் கற்றனரா?

மேலைமருத்துவம் தமிழில் வந்த வரலாறு நாம் பெருமையோடு கூறுவது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்து, 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அவர் 1857இல் வெளியிட்ட பிரசவ வைத்தியம், டப்ளின் நகர மருத்துவராகிய மோன்செல் எழுதிய நூலின் தமிழாக்கம். மகப்பேற்றியலைத் தமிழிற் கூறவியலும் என்று அந்நூல் நிறுவியது. ஆயினும் அக்காலத்தில் அவரிடம் பயின்று வெளிவந்தோர் ஆடவர். பிரசவ அறைக்குள் இயல்பாகச் சென்றுவந்த பெண்களோ அந்நூலை வாசிக்கும் நிலையில் இருந்திலர். நூலறிவு ஒருபுறமும் கையறிவு மறுபுறமும் நின்றன. 1898இல் இணுவிலில் மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை எழுந்தபின் யாழ்ப்பாணத்தில் இவ்விடைவெளி ஓரளவு குறைந்தது.

வன்னிக்கு அதுவும் எட்டவில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அந்நாட்டின் குளங்களையும் காட்டையும் காய்ச்சலையும் சிதறிய குடிகளையும் ஆட்சியாளர் நோக்கில் விவரிப்பது. மலேரியாவும் பறங்கிப்புண்ணும் குடித்தொகையைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. காய்ச்சலில் நடுங்கும் தாய் பிள்ளையை அணைத்துப் பாலூட்டும் காட்சி அவ்வூர்களில் அரிதாக இருந்திராது. இலங்கை முழுவதையும் நோக்கினும் நிலைமை நன்றன்று. மலேரியாக் கொள்ளையின் ஆண்டாகிய 1935இற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

இந்நிலையை மாற்றியவற்றுள் ஒன்று, 1926இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையாகும். நோயாளி வைத்தியசாலைக்கு வருமட்டும் காத்திராது, பயிற்சிபெற்ற மருத்துவமாதர் வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடு அது. காலப்போக்கில் நாடெங்கும் பரவி, ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவமாது என்னும் அளவை நோக்கி வளர்ந்தது. மருத்துவிச்சியின் கையும் கிறீனின் நூலும் ஒருவரிடத்தே கூடிய முதற் சந்தர்ப்பம் இதுவெனலாம். இலங்கையின் தாய்சேய் நலனைப் புகழ்வோர் பெருவைத்தியசாலைகளைப் புகழ்வர். என் நோக்கில் அப்புகழின் பெரும்பங்கு துவிச்சக்கர வண்டியிற் சென்ற இப்பெண்களுக்கே உரியது.

ஆயின் அதே காலத்தில் இருவேறு எதிர்ச்சக்திகளும் புகுந்தன. அவற்றுள் ஒன்று கடிகாரம். நியூசிலாந்து மருத்துவர் துரூபி கிங் 1907இல் நிறுவிய பிளங்கற் சங்கம், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலூட்டுதல், இரவில் ஊட்டாமை என்னும் ஒழுங்கைப் பரப்பியது. பிரித்தானியப் பேரரசின் மருத்துவ உலகில் இவ்வொழுங்கு செல்வாக்குப் பெற்றது. கடிகாரத்துக்கு ஊட்டிய மார்பு ஒருபோது கனத்துக் கட்டும். மறுபோது சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் குடிக்கக் குடிக்கவே ஊறும் என்பதை மணற்கேணியில் நீர் இறைத்தவர் அறிவர். கால அட்டவணை வகுத்தவர் அறிந்திலர். வெடித்த காம்புக்கு ஐரோப்பாவில் ஈயக் கவசம் அணிவித்து, அவ்வீயத்தாற் பிள்ளைகள் நஞ்சேறிய வரலாறும் உண்டு. நோவின் காரணத்தை விட்டு நோவை மூட முயன்றதன் விளைவு அது.

மற்றையது ரின்பால். அமெரிக்கரான கெயில் போடன் 1856இற் கட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றார். 1867இல் சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே குழந்தை மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எழுபது ஆண்டு கழிந்து, 1939இற் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பிற் பேசினார். சீனி சேர்த்த கட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு நிகரென விளம்பரம் செய்து ஏழைக் குழந்தைகளைச் சாகடித்தல் கொலையே என அவர் வெளிப்படையாகக் கூறினார். அக்காலச் சிங்கப்பூரும் மலாயாவும் யாழ்ப்பாணத்தார் பலர் தொழில் செய்து வாழ்ந்த இடங்கள். அவர்தம் பெட்டிகளில் ஊருக்கு வந்த நாகரிகப் பொருள்களுள் ரின்பாலுக்கும் இடமிருந்திருக்கும் என ஊகித்தல் தவறாகாது.

ரின்பாலும் பின்னர் வந்த மாப்பாலும் வீட்டினுட் புகுந்த வாயில் எது என்பதே ஈண்டு முக்கியமானது. விளம்பரம் மட்டும் அன்று, நோவே அவ்வாயில். காம்பு வெடித்த தாய் ஊட்டுவதைத் தள்ளிப்போடுகின்றாள். பிள்ளை அழுகின்றது. பால் இல்லை என வீடு தீர்ப்புக் கூறுகின்றது. போத்தல் வருகின்றது. சூப்பியின் காம்பை வாயைத் திறவாமலே உறிஞ்சலாம். அவ்வாறு பழகிய பிள்ளை மார்பிலும் நுனியையே கவ்வுகின்றது. நோவு மிகுகின்றது, குடிக்கப்படாத மார்பு உண்மையாகவே வற்றுகின்றது. முதலிற் பொய்யாக இருந்த தீர்ப்பு இரண்டு வாரத்தில் மெய்யாகிவிடுகின்றது. பிரித்தானிய ஆய்வாளர் மைக்கேல் வூல்றிட்ஜ் 1986இற் பாலுறிஞ்சலின் உடற்கூற்றையும் காம்புப் புண்ணின் காரணத்தையும் பற்றி எழுதிய இரு கட்டுரைகள் இதனை விளக்கின. குழந்தை காம்பை உறிஞ்சுவதன்று. கருவட்டத்தோடு சேர்த்து வாயினுள் இழுத்து நாவினால் அழுத்துகின்றது. காம்பு வாயின் பின்புறத்தே, மெல்லண்ணத்தின் அருகே இருந்தாற் புண்படாது. முன்புறத்தே அகப்பட்டால் நசியும். நம் மருத்துவமாது பூவரசங்குளத்திற் செய்தது இவ்வளவே. நாக்குக்கட்டு, அண்ணப்பிளவு முதலிய குறைகளோடு பிறக்கும் பிள்ளைகளும், எவ்வளவு முயன்றும் ஊட்டவியலாத தாயரும் உளர். அவர்களைக் குறைகூறுதல் அறிவுடைமையாகாது.

வணிகத்துக்கு எல்லை வகுக்கும் முயற்சி உலகளவில் எழுந்தபோது, 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய கோவையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே, அது ஐக்கிய அமெரிக்காவினது. இலங்கை 1983இல் அக்கோவைக்குச் சட்டவலு அளித்தது. முன்னேறிய நாடுகள் பல செய்யத் தயங்கியதை இச்சிறு நாடு விரைந்து செய்தமை பாராட்டுக்குரியது.

அதே 1983ஆம் ஆண்டு வேறொன்றுக்கும் தொடக்கம் என்பதை வாசகர் அறிவர். பூவரசங்குளமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அதற்கு முன்னரே புதிய குடிகளை ஏற்றுக்கொண்டிருந்தன. 1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வந்த பலர் வவுனியாப் பகுதியிற் குடியேறினர். தேயிலைத் தோட்டத்திற் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற பெண்களின் மார்பு எத்தனை மணித்தியாலம் கட்டிக்கிடந்தது என்பதைத் தோட்டக் கணக்குகள் கூறா. அவர்களுடன் அவர்தம் கைப்பழக்கங்களும் வன்னிக்கு வந்தன. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் இவையனைத்தும் கலைந்தன. மகள் ஓர் ஊரிலும் தாய் வேறோர் ஊரிலும் அகப்பட்டபோது, பிள்ளையை வைத்துக் காட்டும் கை இல்லாதொழிந்தது. மருத்துவிச்சியர் மூப்பெய்தினர், அவர்களிடம் பழக எவருமிலர். மருத்துவமாதர் பதவிகள் பலவிடங்களில் வெறுமையாயின.

2009ஆம் ஆண்டின் முற்பகுதி பற்றி எழுதாது இவ்வரலாறு நிறைவுறாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒடுங்கிய மக்களிடையே கைக்குழந்தைகளும் அவர்தம் தாயரும் இருந்தனர். கஞ்சியே உணவு, பதுங்குகுழியே வீடு. ஏப்பிரல் 8ஆம் நாள் அம்பலவன்பொக்கணையில், பிராந்திய சுகாதாரப் பணிமனை ஒழுங்குசெய்த பால்மா விநியோகத்துக்காக வரிசையில் நின்ற பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் எறிகணைகள் வீழ்ந்தன என்று, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமர்த்திய நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. இறந்த தாயர் சிலரின் கைகளிற் பால்மா பெறுவதற்கான அட்டைகள் அப்பொழுதும் இருந்தன எனவும் அது குறிக்கின்றது. அவர்கள் ஏன் பால்மாவை நாடினர் என வினவும் உரிமை எவர்க்குமில்லை. பசி மார்பை வற்றச் செய்வதைச் சாத்தனார் கூறினார். அச்சம் பாலைத் தடுப்பதை உடலியல் கூறுகின்றது. அவ்வரிசையில் இரண்டும் ஒருங்கே நின்றன.

எஞ்சியோருள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் மாணிக்கம் பண்ணை முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களை ஏற்றிச்சென்ற பேருந்துகள் பூவரசங்குளத்தைக் கடந்தே சென்றன. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கூடாரத்தில், அயலார் பார்க்க, சுவரில்லாத இடத்தில் முதன்முறை பாலூட்டிய பெண்கள் இன்று வளர்ந்த பிள்ளைகளின் தாயராக இவ்வூர்களில் வாழ்கின்றனர்.

இலங்கையில் தாய்ப்பாலூட்டல் பற்றி இன்று மிக நல்ல புள்ளிவிவரங்கள் உள்ளன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பாலை மட்டும் அருந்துவோர் 2006-07ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி நூற்றுக்கு 76. 2016ஆம் ஆண்டின்படி 82. தாய்ப்பாலூட்டற் கொள்கைகளை மதிப்பிடும் உலக ஒப்பீட்டில் 2020இல் இலங்கை முதலிடம் பெற்றது. இப்பெருமையிடையே ஒரு குறிப்பை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1987இல் நிகழ்ந்த முதலாவது ஆய்விலிருந்து 2006-07 ஆய்வு வரை வடமாகாணம் கணக்கிற் சேரவில்லை. நாடு முழுவதும் அடங்கியது 2016ஆம் ஆண்டின் ஆய்விலேதான். அதாவது, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் வன்னித் தாயொருத்தி பாலூட்டினாளா, இடையில் நிறுத்தினாளா, எதனால் நிறுத்தினாள் என்பவற்றுக்கு இவ்வாய்வுகளில் இடமில்லை. லூயிசின் காலத்தில் எழுதப்படாதது போலவே போர்க்காலத்திலும் அது எழுதப்படாது போயிற்று.

தங்கையின் காம்பு வெடிப்பு ஒரு கிழமைக்குள் ஆறியது. அம்மருத்துவமாது மும்முறை வந்துபோனார். பாலூட்டி முடித்ததும் சிறிது பாலையே புண்ணிற் பூசி உலரவிடச் சொன்னதன்றி வேறு மருந்து கூறவில்லை. இறுதி முறை வந்தபோது தங்கையின் மாமியாரைப் பார்த்து, 'அம்மா, உங்கட காலத்திலை ஆர் உங்களுக்கு வைச்சுக் காட்டினது?' என்று கேட்டார். மாமியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, 'எங்களுக்கு ஒரு மருத்துவிச்சி ஆச்சி இருந்தவ, மிஸ். வெத்திலையைக் குதப்பிக்கொண்டு வந்து பின்னாலை குந்துவா. என்ரை கைக்கு மேலை தன்ரை கையை வைச்சுப் பிடிப்பா. பிள்ளை விழுங்கிற சத்தம் கேக்கும் மட்டும் எடுக்கமாட்டா' என்றார். தம் வலக்கையை இடக்கையின்மேல் வைத்து அதனைக் காட்டவும் செய்தார்.

அந்த ஆச்சியின் பெயரைக் கேட்டேன். ஊரில் எல்லோரும் ஆச்சி என்றே அழைத்தமையால் மாமியாருக்கு அது தெரிந்திருக்கவில்லை.